ஜாகர் தைப்பது சுலபம் என்றார்கள்; துணியைப் பற்றி யாரும் சொல்லவில்லை

பின்னல் துணியில், அதாவது பனியன் போல நெகிழும் துணியில், ஜாகர் பேன்ட் தைக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், தையல் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அதுவா, ரொம்ப ஈசி" என்பார்கள். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, டார்ட் எனும் உள்மடிப்புத் தையல் கிடையாது. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, இடுப்பில் எலாஸ்டிக், கணுக்காலில் ரிப் எனும் வரிவரியான நெகிழும் துணியில் பட்டி, வேண்டுமானால் பாக்கெட். காகிதத்தில் பார்த்தால் உண்மைதான். அந்தச் சுலபமெல்லாம் வடிவத்தோடு முடிந்துவிடுகிறது, துணிக்கு வரவில்லை என்பதை மட்டும் எவரும் சொல்லித் தரவில்லை. நெய்த துணியில் சட்டை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் தைத்துப் பழகியவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பழக்கத்தில் பாதி இங்கே உதவவில்லை. மீதிப் பாதி இடைஞ்சலாகவே இருந்தது. போடக்கூடிய ஒரு ஜாகர் கைக்கு வருவதற்குள் செலவான துணி, ஊசி, மெஷின் ரிப்பேர் எல்லாவற்றையும் கூட்டினால் கடையில் தரமானதாகவே இரண்டு வாங்கியிருக்கலாம். தனியாக உட்கார்ந்து அழாத குறையாகக் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். அடுத்தவருக்காவது துணி மிஞ்சட்டும்.

ஏன் தைக்கக் கிளம்பினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொடை பெரிது, இடுப்பு சிறிது. தொடைக்குப் பொருந்தும் ரெடிமேட் இடுப்பில் நிற்காது. இடுப்புக்குப் பொருந்துவது தொடையில் மாவுக்கட்டுப் போட்டதுபோல இறுக்கும். பாக்கெட்டோ உட்கார்ந்தால் போன் வெளியே விழும் ஆழத்தில்தான் இருக்கும். இவ்வளவுதான் காரணம்.

முதலில் எடுத்தது ஒரு சிங்கிள் ஜெர்சி துணி. தொட்டால் அவ்வளவு மென்மை, நிறமும் பிடித்திருந்தது. சிங்கிள் ஜெர்சி என்பது டி ஷர்ட்டுக்கும் பனியனுக்கும் வருகிற துணி. முன்புறம் சின்னச் சின்ன வி வடிவங்கள் வரிசையாகத் தெரியும், பின்புறம் அலை அலையான வளைவுகள் தெரியும். வெட்டிய உடனே ஓரங்கள் சுருண்டுகொள்ளும். பக்கவாட்டு ஓரம் பின்புறமாகவும் மேல்கீழ் ஓரம் முன்புறமாகவும் சுருளும். அது துணியின் குணம், இஸ்திரி போட்டாலும் தற்காலிக நிவாரணம்தான். சுருளைக்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய பிரச்சினை போட்டு நடந்த பிறகு வந்தது. ஒரு மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் இரண்டு பைகள் தொங்கும். துணி இழுபட்டுப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது: பின்னல் துணி எவ்வளவு இழுபடுகிறது என்பது பாதிக் கணக்கு, இழுபட்டது எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் மீதி. இதை வீட்டிலேயே ஒரு ஸ்கேலை வைத்துச் சோதிக்கலாம். துணியைக் குறுக்குவாட்டில் ஒரு மடி மடித்து, மடிப்பில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு பின் குத்துங்கள். ஸ்கேல் மேல் வைத்து, துணி கஷ்டப்படாமல் எதுவரை வருகிறது என்று இழுங்கள். 13 செ.மீ. வந்தால் 30 சதவீத இழுவை. இப்போது சில நொடி அப்படியே பிடித்திருந்து விடுங்கள். மறுபடி 10-க்கே வந்தால் நல்ல துணி. பத்தரையில் நின்றுவிட்டால் அதுதான் நாளைக்கு உங்கள் முழங்கால். ஐந்து சதவீதம் போல லைக்ரா எனும் நெகிழும் இழை கலந்த துணிகள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். சுத்தப் பருத்தி ஜெர்சியில் அந்த நம்பிக்கை குறைவு. எடையும் முக்கியம். டி ஷர்ட்டுக்கு வரும் ஜெர்சி 140 முதல் 180 ஜிஎஸ்எம் வாக்கில் இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை அத்தனை கிராம். ஜாகருக்கு 240-க்கு மேல் இருந்தால்தான் உருவம் நிற்கிறது. பிரெஞ்ச் டெரி, அதாவது உள்பக்கம் சின்ன நூல் வளையங்களோடு வருவது, எனக்கு இன்றுவரை முதல் தேர்வு. இன்டர்லாக் இரண்டாவது, இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது, முதல் தடவை தைப்பவருக்கு ரொம்ப மரியாதையாக நடந்துகொள்ளும். வளையங்களைச் சுரண்டிப் பஞ்சு போலாக்கிய ஃபிளீஸ் குளிருக்கு இதம்தான், ஆனால் தையல் ஓரங்கள் தடித்துப் போகும், வெட்டும்போது வீடெல்லாம் பஞ்சு பறக்கும்.

துணி வாங்கிய ஆசையில் அன்றே கத்திரிக்கோல் எடுக்கத் தோன்றும். துவைக்காமல் வெட்டாதீர்கள். பருத்திப் பின்னல் துணி மில்லில் இழுத்து விறைப்பாகச் சுற்றப்பட்டு வருகிறது. தண்ணீர் பட்டதும் அது தன் இயல்பான நிலைக்குச் சுருங்கும், அதிலும் நீளவாக்கில் அதிகம். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், துணியில் 50 செ.மீ.க்குக் கோடு போட்டு வைத்துத் துவைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு ஒரு துணி 47-க்கு வந்தது. ஆறு சதவீதம். ஒரு மீட்டர் நீளமுள்ள காலில் அது ஆறு செ.மீ. தைத்து முடித்த பிறகு சுருங்கியிருந்தால் கணுக்கால் பட்டி கெண்டைக்காலில் ஏறி உட்கார்ந்திருக்கும். பின்னால் பேன்ட்டை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அதே மாதிரி துவையுங்கள்: மெஷின் என்றால் மெஷின், சூடான டிரையர் என்றால் அதையும் சேர்த்து. ரிப் துணியையும் மறக்காமல் கூடவே போடுங்கள். துணி சுருங்கி ரிப் சுருங்காமல் இருந்தாலும் சிக்கல், மறுவளமாக இருந்தாலும் சிக்கல்.

அடுத்தது வெட்டுவது. இங்கேதான் கால் முறுக்கிக்கொள்வதற்கு விதை விழுகிறது. பேன்ட்டைப் போட்டு நடந்தால் பக்கத் தையல் மெல்லமெல்ல முன்பக்கம் வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். குழாய் வடிவில் வரும் துணியில் ஏற்கெனவே ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு துணியின் நெடுக்குக்கு நேராக இருக்கும் என்று நம்பக்கூடாது. உற்றுப் பார்த்தால் வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும் ஒரு வரிசை தெரியும். கண்ணுக்கு எளிதாக இருக்க, அந்த வரிசையைப் பிடித்து வேறு நிற நூலால் ஒரு நூலோட்டம் விட்டுக்கொண்டு, அதை வைத்தே புதிதாக மடிக்கவும், பேட்டர்னை, அதாவது வெட்டுவதற்கான காகித வடிவத்தை, வைக்கவும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் கால் முறுக்கிய பேன்ட்டைப் பிரித்துத் திருத்த வழியே கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு காரணமாகத் துவைத்த பிறகு துணியே சாய்ந்துபோவதும் உண்டு. முன்கூட்டியே துவைக்க இன்னொரு காரணம் இது. வெட்டும்போது துணி மேஜையிலிருந்து கீழே தொங்கக்கூடாது. தொங்கும் எடையே இழுத்துவிடும், நாம் இழுபட்ட துணியை அளந்து வெட்டுவோம், எடுத்ததும் துண்டு சிறியதாகிவிடும். எனக்குப் பெரிய மேஜை இல்லை, தரையில்தான் வெட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது, துண்டுகள் சரியாக வந்தன.

இனி மெஷின். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. முதல் தையலிலேயே தையல் விட்டுவிட்டுப் போனது. நாலு தையல் விழும், இரண்டு விழாது, ஒரு நீள நூல் மேலே கிடக்கும். டென்ஷனை மாற்றினேன், பாபின் மாற்றினேன், நூல் மாற்றினேன், எண்ணெய் விட்டேன். கடைசியில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். அங்கே டைமிங் சரியில்லை என்று சொல்லி, கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு பருத்தித் துண்டில் ஓட்டிக் காட்டினார்கள். அழகாக விழுந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னல் துணியை வைத்தால் பழைய கதை. மெஷினில் குறையே இல்லை, ஊசிதான் காரணம். நெய்த துணிக்கான சாதாரண ஊசியின் முனை கூர்மையானது. பின்னல் துணியில் அது நூலையே குத்திப் பிளக்கும், பின்னால் ஓட்டைகளாக விரியும். இன்னொரு பக்கம், நெகிழும் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போவதால், கீழே கொக்கி பிடிக்க வேண்டிய நூல் வளையம் சரியாக உருவாவதில்லை. வளையம் இல்லையென்றால் தையல் இல்லை. பால்பாயின்ட் ஊசி அல்லது ஜெர்சி ஊசி என்று கேட்டு வாங்குங்கள். அதன் உருண்டை முனை இழைகளை விலக்கிக்கொண்டு நடுவே இறங்கும். லைக்ரா அதிகமுள்ள துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்று தனியாக இருக்கிறது. ஊசி அளவு மெல்லிய துணிக்கு 75/11, ஜாகர் கனத்துக்கு 90/14. புது ஊசியை மாட்டி ஓட்டிய அந்த நிமிடம் சந்தோஷப்படுவதா, ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தை நினைத்து வயிறு எரிவதா என்று தெரியவில்லை. உங்கள் மெஷின் பின்னல் துணியில் மட்டும் தையல் விடுகிறது, நெய்த துணியில் ஒழுங்காக ஓடுகிறது என்றால், ரிப்பேர் கடைக்குப் போகும் முன் ஊசி மாற்றிப் பாருங்கள். அப்படியே போக வேண்டி வந்தாலும், நீங்கள் தைக்கும் துணியிலேயே ஒரு துண்டைக் கொண்டுபோய் அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஓரத்தை வெட்டிக்கொண்டே பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமல் தைக்க முடியாது என்பார்கள். முடியும். என்னிடம் இருப்பது சாதாரண ஜிக்ஜாக் மெஷின்தான். நேர்த்தையல் மட்டும் போட்டால் துணி நீளும், நூல் நீளாது. குனிந்தவுடன் கவட்டில் படபடவென்று அறும். அகலம் 1 மி.மீ., நீளம் இரண்டரை மி.மீ. வைத்த குறுகலான ஜிக்ஜாக் போட்டால் தையலும் கூடவே நீளும். பார்வைக்கு நேர்த்தையல் மாதிரியே இருக்கும். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் சீக்கிரம் அறுந்துவிடும். பின்னல் துணி வெட்டிய ஓரத்தில் நெய்த துணி போலப் பிசிறு விடாது. அதனால் ஓரத்தில் இன்னொரு அகல ஜிக்ஜாக் போட்டால் போதும், அதுகூட நேர்த்திக்காகத்தான். தையல் அலை அலையாக நெளிந்து வந்தால் இரண்டு இடத்தில் பாருங்கள்: துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள், கையால் துணியை இழுப்பதை நிறுத்துங்கள். நெய்த துணியில் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்துப் பழகிய கை இங்கே சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நெளிந்தால் பதற்றமில்லை, நீராவி இஸ்திரியை மேலே தூக்கிப் பிடித்து ஆவி காட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேட்டர்னுக்கு வருகிறேன். இலவசமாகக் கிடைத்த ஒன்றில் "நிட் துணி", அதாவது பின்னல் துணி, என்று மட்டும் போட்டிருந்தது. எத்தனை சதவீத இழுவைக்கு அந்த அளவு என்று இல்லை. 50 சதவீதம் இழுபடும் துணிக்கு வரைந்ததை 20 சதவீதம் இழுபடும் பிரெஞ்ச் டெரியில் வெட்டினால் தொடையில் நுழையாது. எனக்கு நுழையவில்லை. அந்தத் துணி இப்போது சமையலறையில் கைப்பிடித் துணியாக வாழ்கிறது. பழைய பேன்ட்டைப் பரப்பி வைத்து வரைந்து எடுப்பது நல்ல வழிதான், ஆனால் இரண்டு விஷயம். அந்தப் பழைய பேன்ட் முழங்காலிலும் இடுப்பின் பின்பக்கமும் ஏற்கெனவே இழுபட்டுப் போயிருக்கும், அதைத் துவைத்து உலர்த்தியபின் வரையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றல்ல. பின்பக்கத்தின் கவட்டு வளைவு முன்பக்கத்தைவிட ஆழமாகவும் நீளமாகவும் இருக்கும். அதைத் தனியாக மடித்து வைத்து வரைய வேண்டும். ஒரே வளைவை இரண்டுக்கும் வைத்தால் நிற்கும்போது சரியாகத் தெரியும், உட்கார்ந்தால் பின்பக்கம் இடுப்பை விட்டு இறங்கும்.

இந்தக் கவட்டு விஷயத்தில்தான் என் பொறுமை அதிகம் செலவானது. முதலில் நீளமான தையலில் தற்காலிகமாக மூட்டுங்கள். எலாஸ்டிக்கை வெளியிலேயே இடுப்பில் கட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் நிற்பது போதாது. குத்துக்காலிட்டு உட்காருங்கள், படி ஏறுங்கள், நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். பின்பக்கம் இறங்கினால் கவட்டிலிருந்து பின் இடுப்புவரை உள்ள நீளம் போதவில்லை. பேட்டர்னின் பின்துண்டை இடுப்புக்குக் கீழே குறுக்கே வெட்டி, நடுத்தையல் பக்கம் மட்டும் இரண்டு மூன்று செ.மீ. விரித்து ஒட்டி, புதிதாக வரைய வேண்டும். முன்பக்கம் கவட்டிலிருந்து இரண்டு தொடைக்கும் சுருக்கங்கள் ஓடினால் முன் வளைவின் நுனி குட்டையாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு செ.மீ. கூட்டினாலே வித்தியாசம் தெரியும். மூட்டும் வரிசையும் உண்டு. முதலில் பாக்கெட், பிறகு பக்கத் தையல், பிறகு உள்கால் தையல். இப்போது கையில் இரண்டு குழாய்கள். ஒன்றை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி மற்றதனுள் நுழைத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்புவரை வளைவை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதன்மேல் இன்னொரு முறை ஓடுங்கள், அதிக பாரம் தாங்குவது அந்தத் தையல்தான்.

பாக்கெட் வாய் இழுபட்டுத் தொங்காமலிருக்க, அந்த ஓரத்தோடு நீளாத ஒரு பட்டியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். இதற்கென்று டேப் விற்கிறார்கள். நான் நெய்த துணியின் கரை ஓரத்தை மெல்லிய பட்டியாக வெட்டி வைக்கிறேன், செலவில்லாமல் அதே வேலை நடக்கிறது. பாக்கெட்டின் ஆழம் உங்கள் இஷ்டம். என்னுடையதில் போன் படுத்து உறங்கலாம்.

கணுக்கால் பட்டிக்குக் காலின் கீழ்ச் சுற்றளவில் முக்கால் பங்கு நீளம் ரிப் எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் வெட்டும் முன் அந்த ரிப்பை வளையமாகப் பிடித்து, குதிகாலையும் பாதத்தின் மேடான பகுதியையும் தாண்டுகிறதா என்று பாருங்கள். கணுக்காலுக்குக் கச்சிதமாக வெட்டிவிட்டு, பாதமே நுழையாமல் தவிப்பவர்கள் உண்டு. காலின் ஓரத்தையும் ரிப்பையும் நாலு நாலாகப் பிரித்துக் குறி வைத்து, குறிகளைச் சேர்த்துப் பின் குத்தி, தைக்கும்போது ரிப்பை மட்டும் இழுங்கள்.

இடுப்பு எலாஸ்டிக்குக்குச் சூத்திரம் எல்லாம் நம்பாதீர்கள். மூன்றரை அல்லது நாலு செ.மீ. அகலமுள்ளதை இடுப்பில் சுற்றி உட்கார்ந்து பாருங்கள். மூச்சு விட முடிந்தால், எழுந்தபோது நழுவாமலிருந்தால், அதுதான் உங்கள் அளவு. நாடா கோர்க்கும் ஓட்டைகளுக்குக் காஜா எடுப்பதைப் பட்டியை மடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்னால் ஒரு துண்டு ஃபியூசிங், அதாவது இஸ்திரி சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி, ஒட்டித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காஜா இழுபட்டு வாய் பிளந்து நிற்கும். எலாஸ்டிக் உள்ளே புரளுவது பெரிய தொல்லை. பக்கத் தையல்களுக்கு நேராகவும், முன்பின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டுவிட்டால் புரளாது. ஆனால் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள், அளவு மாற்ற வேண்டி வந்தால் பிரிக்கும் வேலை மிச்சம்.

மிச்சம் பிடிக்கத் தைக்கிறீர்கள் என்றால் வேண்டாம். துணி, ரிப், எலாஸ்டிக், ஊசி எல்லாம் சேர்த்தால் சாதாரண ரெடிமேடைவிடக் குறைவதில்லை, அதில் நேரத்தைச் சேர்க்கவேயில்லை. இப்போது என்னிடம் இருப்பது தொடையில் இறுக்காத, குனிந்தால் இறங்காத ஒரு பேன்ட்டும், அதன் பேட்டர்னும். பேட்டர்ன் காகிதத்தின் மேல், எந்தத் துணி, எத்தனை ஜிஎஸ்எம், எத்தனை சதவீத இழுவை, எந்த ஊசி, ஜிக்ஜாக் அகலம் என்ன என்று எழுதி, வெட்டிய துணியில் ஒரு துண்டையும் பின் பண்ணி வைத்திருக்கிறேன். அடுத்து வேறு துணி வாங்கினால் அந்தத் துண்டோடு சேர்த்து இழுத்துப் பார்ப்பேன். புதுத் துணி குறைவாக இழுபட்டால் பக்கத் தையலில் ஒரு செ.மீ. கூட்டி வெட்டுவேன், அதிகமாக இழுபட்டால் குறைப்பேன்.